பாபாவுக்குப் போடாத புக்கிங்

போனை எடுத்தால் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். போகலாமா, வேண்டாமா? மணல்மேட்டில் வண்டி குதித்தால் குழந்தை வாந்தி எடுக்குமா, ஒட்டகம் கடிக்குமா, சாப்பாட்டில் காரம் அதிகமா, ஆட்டம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்குமா? எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிடுவார்கள். சாயங்காலம் மணலுக்குப் போய்வருவதற்கு இத்தனை யோசனை. ஹஜ்ஜுக்குப் போகிறவன்கூட இவ்வளவு கேட்பதில்லை.

ஷார்ஜாவில் ரோலா சந்தைக்குப் பின்னால் எங்கள் ஆபீஸ். ஒரு மேசை, இரண்டு போன், சுவரில் ஒட்டகப் படம். நானும் ஒரு காலத்தில் வண்டி ஓட்டினவன்தான். மணலில் குதித்துக் குதித்து முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. முதலாளி இரக்கப்பட்டு, இல்லை, வேறு ஆள் கிடைக்காமல், என்னை மேசையில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து டிரைவர் பையன்களுக்கு நான் முன்ஷி, அதாவது கணக்குப்பிள்ளை. என் சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

இத்தனை வருடத்தில் போகலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டவர்களில் ஒருவனைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவன் வாடிக்கையாளன் இல்லை. எங்கள் டிரைவர், பக்த் முனீர்.

முனீர் பாகிஸ்தானில் ஸ்வாத் மலைப்பக்கத்துக்காரன், என்னைப் போலவே பட்டாணியன். மீசை முளைத்த கையோடு இங்கே வந்தவன். முதலில் கட்டட வேலை, பிறகு தண்ணீர் லாரி, பிறகு லைசென்ஸ் எடுத்து எங்களிடம் வந்தான். மணலில் வண்டி ஓட்டுவது எல்லோருக்கும் வராது. டயரில் காற்றை எவ்வளவு இறக்க வேண்டும், மேட்டின் உச்சியில் எங்கே காலை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. வந்த விருந்தாளிகள் அடுத்த வருடமும் அவன் வண்டியைத்தான் கேட்பார்கள். ஊரில் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், வயதான அப்பா. மூன்று வருடத்துக்கு ஒரு முறை போவான். போகும்போது இரண்டு பெட்டி, வரும்போது ஒரு பை.

ஆட்டம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சூரியன் இறங்கிய பிறகு எல்லா வண்டிகளும் முகாமுக்குப் போகும். நடுவில் கம்பளம் விரித்த மேடை, சுற்றிலும் திண்டு போட்ட தாழ்வான மேசைகள், மருதாணி வைக்கிற பெண், சுட்ட கறி, கொட்டு. ஒரு நாள் ஆட வேண்டிய பெண் வரவில்லை. அவளை ஏற்றி வந்த வண்டி எங்கோ மணலில் புதைந்துவிட்டது. விருந்தாளிகள் காசைத் திருப்பிக் கேட்டார்கள். முகாம் மேனேஜர் தலையில் கைவைத்து நின்றான். முனீர் என்ன நினைத்தானோ, அந்தப் பெண்ணின் பெட்டியிலிருந்து காசு கோத்த இடுப்புத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு, அந்தக் கம்பளி மீசையோடு மேடை ஏறிவிட்டான். இடுப்பை ஆட்டினான், கண்ணை உருட்டினான், ஒரு ஜெர்மன் கிழவரின் தலையில் துண்டைப் போட்டு இழுத்து வந்து கூட ஆட வைத்தான். சிரித்துச் சிரித்து ஜனங்களுக்கு வயிற்று வலி.

அன்று அதை உதவி என்று செய்தான். மறுநாள் அது வேலையாகிவிட்டது. பெண் வந்தாலும் அவளுக்கு முன்னால் முனீர் ஒரு ஆட்டம் போட்டே ஆக வேண்டும். விருந்தாளிகள் போனில் படம் பிடித்து உலகம் பூராவும் அனுப்பினார்கள். "அந்த மீசைக்காரர் இருப்பாரா?" என்று என்னிடம் கேட்டு புக்கிங் போட்டவர்கள் உண்டு. இனாமும் கிடைத்தது. பெரிய மகளின் பள்ளிக்கூடச் செலவு அதில்தான் போனது.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன என்று தோன்றும். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தில் கொட்டுகிறவனும் ஆடுகிறவனும் தனி. அவர்களுக்குக் காசு கொடுப்போம், சோறு போடுவோம், பெண் கொடுக்க மாட்டோம். முனீரின் அப்பா தாஜ் மலூக் அந்தக் கிராமத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர். சம்பளத்துக்கு இல்லை, மரியாதைக்கு. கல்யாண வீட்டில் கொட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவார் என்று முனீர் சொல்லியிருக்கிறான். அவருக்குத் தெரிந்த முனீர் பெரிய மனிதர்களின் விருந்தாளிகளுக்கு வண்டி ஓட்டுகிறவன். அவ்வளவுதான்.

அந்த தாஜ் மலூக் ஒரு மார்கழிக் குளிரில் மகனைப் பார்க்க வந்து இறங்கினார்.

வரும் முன்பு பெஷாவரில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முனீர் அனுப்பிய பணம். கிழவருக்கு அந்தக் கண்ணைப் பற்றிப் பேசி மாளாது. முதல் நாளே முனீர் அவரை ஆபீசுக்கு அழைத்து வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை. வாசலில் நின்று எதிர்ப்பக்கத்துக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். அரபி எழுத்து அவருக்கு வரும்.

"அந்தக் கடைசிப் பலகையில ரொட்டிக் கடைன்னு இருக்கு. கீழ போன் நம்பர். சொல்லட்டுமா?"

"வேணாம் பாபா, நம்புறேன்," என்றேன்.

"எதிர் மலையில மேயுற ஆட்டுல எது என்னுது, எது அண்டை வீட்டானுதுன்னு இப்ப இங்கேருந்தே சொல்லிடுவேன். அவன் ரெண்டு ஆடு திருடியிருக்கான், கண் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது." சிரித்துவிட்டு என் மேசையைப் பார்த்தார். "நீ என்னப்பா வியாபாரம் பண்ற?"

"மணல் விக்கிறேன் பாபா."

"மணலையா? வாங்குறவனும் இருக்கானா?"

"விமானம் ஏறி வந்து வாங்குறாங்க. ஒரு சாயங்காலம் பாத்துட்டு, செருப்புல ஒட்டினத மட்டும் எடுத்துட்டுப் போறாங்க."

"அல்லா, எப்படியெல்லாம் ஜனங்களப் படைச்சிருக்கான்." மகன் பக்கம் திரும்பினார். "எனக்கும் அந்த மணலைக் காட்டு. பதினஞ்சு வருஷம் என் புள்ளையத் தின்ன இடம் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போறேன்."

முனீரின் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த ஒரு வாரம் அவன் என் உயிரை எடுத்தான். காலையில் வந்து, "முன்ஷி லாலா, பாபாவுக்கு ஒரு புக்கிங் போடுங்க," என்பான். டீ முடிவதற்குள், "வேணாம், இருங்க," என்பான். லாலா என்றால் எங்களில் அண்ணன், பாபா என்றால் அப்பா.

"போட்டா என்னடா? ஊழியர் வீட்டுக்குப் பாதி விலைதான்."

"புக்கிங் போட்டா முகாமும் சேந்துதானே? உக்காத்தி வச்சு சாப்பாடு போட்டு, எதிர்ல நான் இடுப்புத் துணி கட்டிக்கிட்டு ஆடணுமா?"

"அன்னிக்கு ஒரு நாள் ஆடாத."

"கேட்டேன். மேனேஜர் மாட்டேங்கறான். சீசன்ல லீவும் கெடையாது. நாலு பஸ்ஸு சீனாக்காரங்க வராங்களாம், மீசைக்காரன் இல்லாம முடியாதாம்."

"அப்ப வேற கம்பெனில போடு."

"அங்க மட்டும் என்ன குர்ஆனா ஓதறாங்க? அங்கயும் அதே ஆட்டம்தான். பாத்துட்டு வந்து, உன் முகாம்லயும் இப்படித்தானான்னு கேப்பார். பாபா கிட்ட நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல லாலா."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "பொய் சொன்னதில்லையா? நீ எந்த லோகத்துல இருக்க? சொல்லாம மறைச்சா அது பொய் இல்லையா?"

"அவர் கேக்கல, நான் சொல்லல."

"சரி, உள்ளதச் சொல்லிடு. பாபா, வயித்துப் பொழப்புக்கு ஜனங்களச் சிரிக்க வைக்கிறேன்னு சொல்லு. ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பார். அப்புறம் பேத்தி படிப்பு ஞாபகம் வரும்."

முனீர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களுக்கு அவரத் தெரியாது," என்றான்.

எனக்குத் தெரியாதுதான். அவனுக்குத் தெரியும் என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

கடைசியில் வழி சொன்னவன் வாஹித். முனீரின் அறையில் கூட இருக்கிற டிரைவர், நல்லவன், கொஞ்சம் அவசரக்காரன். அவனுடையது குறும்பயணம். சூரியன் இறங்குகிற இடம் வரை விருந்தாளிகளைக் கொண்டுபோய், படம் பிடித்த பிறகு முகாமுக்குப் போகாமல் நேராக ஊருக்குத் திரும்புகிற வண்டி.

"புக்கிங் எதுக்கு?" என்றான் வாஹித். "உன் வண்டியில முன் சீட்டு காலிதானே? பாபாவ ஏத்திட்டு வா. மேட்டுல குதி, சூரியனக் காட்டு. அங்கேருந்து நான் ஏத்திட்டு வந்து ரூம்ல எறக்கி சோறு போட்டுடறேன். முகாம் வாசலயே அவர் மிதிக்க வேணாம்."

முனீரின் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா முன்ஷி லாலா? புக்கிங்கும் வேணாம், பொய்யும் வேணாம்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, பழக்கம்தான். புக்கிங் இல்லாத ஆள் எங்கள் கணக்கில் ஆள் இல்லை. மணலுக்குள் போகும்போது முன்வண்டிக்காரன் தலைகளை எண்ணுவான். சூரியன் பார்க்கும் இடத்தை விட்டுக் கிளம்பும் முன் மறுபடி எண்ணுவான். அங்கே டிரைவர்கள் விருந்தாளிகளை மாற்றிக்கொள்வார்கள். ஒரே ஹோட்டல்காரர்களை ஒரே வண்டியில் போட்டால் திரும்பும்போது அலைச்சல் மிச்சம். ஏறின வண்டியிலேயே ஒருவரும் இறங்க மாட்டார்கள். அந்தக் குழப்பத்தில் எங்களைக் காப்பாற்றுவது அந்த எண்ணிக்கை ஒன்றுதான். இதைச் சொன்னேன்.

"அவர் என்ன சின்னப் பிள்ளையா, தொலைஞ்சு போக?" என்று வாஹித் சிரித்தான். நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. கிழவர் சலவை செய்த வெள்ளை உடுப்பும் தோளில் பழுப்புக் கம்பளிச் சால்வையுமாகக் கிளம்பினார், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. மணலில் வண்டி சரியும்போதெல்லாம் பின்சீட்டு விருந்தாளிகள் கத்தினார்கள். கிழவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கழுதையை நல்லாப் பழக்கியிருக்கியே," என்று மகனை மெச்சினார். இதை முனீர் பிறகு என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறான். அப்பா அவனை மெச்சியது அவனுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவையாம்.

சூரியன் பார்க்கிற மேட்டில் எங்கள் வண்டிகள் மட்டும் இல்லை, பத்துக் கம்பெனி வண்டிகள் நின்றன. பெண்கள் கூந்தலை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எவனோ கார்க் கதவைத் திறந்து வைத்துப் பாட்டுப் போட்டிருந்தான். மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கிழவர் தண்ணீர் பாட்டிலை வாங்கி முகம் கை கால் கழுவி உளூ செய்துகொண்டு, சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து நடந்தார். முனீர் வாஹித்திடம், "பாபா தொழுதுட்டு வருவார், ஏத்திக்க," என்றான். வாஹித் சரி என்றான்.

இதுவரை எல்லாம் போட்ட திட்டப்படிதான் நடந்தது. அப்போது எனக்கு ஆபீசில் போன் வந்தது. வாஹித் வண்டியில் வந்த ஒரு குடும்பம். மணலைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டதாம், முகாமும் வேண்டுமாம், சாப்பாடு, ஆட்டம் எல்லாம். ஊரிலிருந்து கிளம்பும்போது வேண்டாம் என்று அடித்துச் சொன்னவர்கள் அவர்கள்தான். மேட்டில் நின்றபடியே போனில் புக்கிங் போட்டார்கள், நானும் பதிந்துகொண்டேன். முன்வண்டிக்காரன் அவர்களை முனீர் வண்டியில் ஏற்றச் சொன்னான். ஆட்டத்துக்கு நேரமாகிறது, போ போ என்று விரட்டினான். தலைகளை எண்ணினான். சரியாக இருந்தது. முனீர் கிளம்பிப் போனான்.

வாஹித்திடம் மிஞ்சியது ஒரு புதுக் கல்யாண ஜோடி. பெண்ணுக்கு வாந்தி, மாப்பிள்ளை நச்சரித்துக்கொண்டே இருந்தான். வாஹித் மேட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். யாரும் இல்லை. கிழவர் ஒரு மேடு தாண்டி இன்னொரு மேட்டுக்கும் அந்தப் பக்கம் போயிருந்தார். பாட்டுச் சத்தம் அத்தனை தூரம் துரத்தியிருக்கிறது. முனீருக்கு போன் போட்டான். மணலில் ஓட்டும்போது எங்கள் ஆட்கள் எடுக்க மாட்டார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. ஆட்களை மாற்றி ஏற்றும்போது முனீரே அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருப்பான், கடைசியில் அவனுக்குப் புத்தி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாஹித்தும் கிளம்பினான். முகாமில் முனீர் போனை வண்டியிலேயே வைத்துவிட்டு இடுப்புத் துணியைக் கட்டிக்கொண்டான். அப்பா இந்நேரம் ஷார்ஜா ரோட்டில் பாதி தூரம் போயிருப்பார் என்ற நிம்மதியில் அன்று நன்றாகவே ஆடினானாம்.

விருந்தாளிகளை ஹோட்டலில் இறக்கிவிட்டு அறைக்கு வந்த பிறகுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

எனக்கு போன் வந்ததும் முதுகுப் பட்டையைக் கட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். போலீசுக்கு நான்தான் சொன்னேன். இளம் அதிகாரி ஒருவர் வந்தார், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். சூரியன் பார்க்கிற இடத்தில் டார்ச்சை அடித்துப் பார்த்தார். தரை முழுக்க டயர் உழுது வைத்திருந்தது, காலடி எதுவும் பிடிபடவில்லை. கிழவரின் போனோ அறையில் இருந்தது, அதில் இருந்தது ஊர் சிம்.

"வழி தவறினவங்க வெளிச்சம் இருக்கற பக்கம்தான் நடப்பாங்க," என்றார் அதிகாரி. "அப்ப உங்க முகாம்லதான் வெளிச்சம் இருந்திருக்கும்."

முகாம் காவலாளியிடம் கேட்டோம். யாரும் வரவில்லை என்றான்.

"எங்க பாபா அந்தப் பக்கம் போக மாட்டாருங்க," என்றான் முனீர். குரல் உடைந்திருந்தது, ஆனால் சந்தேகம் இல்லை. "கொட்டுச் சத்தம் கேட்டா கல்யாண வீட்டுலேருந்தே எந்திரிச்சுப் போற ஆளு. சத்தம் வந்த திசைக்கு முதுகக் காட்டித்தான் நடந்திருப்பார். ரோட்டுப் பக்கம் போயிருப்பார்."

மகன் சொல்கிறான், யார் மறுப்பது? அதிகாரி இரண்டாவது முறையும் கேட்டார். முனீர் அதையேதான் சொன்னான். ரோட்டுப் பக்கம் பூராவும் தேடினோம். எங்கள் ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், மற்றக் கம்பெனி டிரைவர்களும் கேட்காமலே வந்தார்கள். ஒவ்வொரு மேட்டிலும் நின்று ஹாரன் அடித்தோம், பாபா பாபா என்று கத்தினோம். குளிர் எலும்புக்குள் இறங்கியது.

வெளுத்த பிறகு ஹெலிகாப்டர் வந்தது. அதிலிருந்துதான் பார்த்தார்கள். முகாமுக்குப் பின்னால் உள்ள கடைசி மேட்டின் சரிவில் வெள்ளை உடுப்பு.

அன்று காற்று இல்லை. ராத்திரி டார்ச்சில் பிடிபடாத அவர் நடை, பகல் வெளிச்சத்தில் மணலில் அப்படியே இருந்தது. தொழுத இடம், நெற்றி பட்ட பள்ளம், திரும்பி வந்து வண்டிகள் நின்ற இடத்தில் சுற்றிச் சுற்றி வந்த தடம். அங்கிருந்து ஒரே நேராக முகாமை நோக்கி. கொட்டும் வெளிச்சமும் இருந்த திசைக்கு. புத்தியுள்ள எந்த மனிதனும் செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார்.

கடைசி மேட்டின் உச்சியில் தடம் நின்றுவிட்டது. அங்கே ஒரு ஜோடிச் செருப்பு, மணலைத் தட்டி ஒழுங்காகப் பக்கத்தில் வைத்திருந்தது. சால்வையை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். அழுந்தின பள்ளத்தைப் பார்த்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்த மாதிரி தெரியவில்லை. அதற்குப் பிறகு எழுந்து இறங்கியிருக்கிறார். சில அடிகள்தான். அங்கேதான் கிடந்தார், முகாமைப் பார்த்த வாக்கில். இதயம் என்றார் டாக்டர். மேடேறின களைப்பு, குளிர், வயது.

முனீர் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். பிறகு அழுகை நின்றது. அவரை எடுத்துப் போனதும் உச்சிக்கு ஏறி, அந்தச் சால்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கீழே முகாம். நடுவில் சிவப்புக் கம்பள மேடை. கூப்பிட்டால் காவலாளிக்குக் கேட்கிற தூரம். அவன் உட்கார்ந்து மேடையைப் பார்த்தான். நாங்கள் யாரும் கிட்டப் போகவில்லை.

நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிழவர் இருட்டில் தாகத்தோடு அத்தனை தூரம் நடந்து வருகிறார். வெளிச்சம் கிட்டே வந்துவிட்டது, மனிதர்கள் இருக்கிறார்கள், தண்ணீர் இருக்கிறது. எதற்கு உட்கார வேண்டும்? ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது இறங்கியிருப்பாரே. அவர் மேடையில் மகனைப் பார்த்துவிட்டார். இப்போது தான் இறங்கிப் போனால் இத்தனை பேர் நடுவில், இடுப்பில் அந்தத் துணியோடு, மகன் தன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆட்டம் முடியட்டும், அவன் துணியை அவிழ்க்கட்டும், பிறகு போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். ஆட்டம் முடிந்தது, சாப்பாடு முடிந்தது, வண்டிகள் கிளம்பின, ஜெனரேட்டரை நிறுத்தினான் காவலாளி. அதற்குப் பிறகுதான் அவர் எழுந்திருக்கிறார். மகன் அப்பாவிடமிருந்து மறைத்தான். அப்பா தான் பார்த்ததை மகனிடமிருந்து மறைக்கப் பார்த்தார். யோசிக்க யோசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த மானத்தைக் கட்டிக்கொண்டு நாங்கள் அழுகிற அழுகை.

உடலோடு முனீர் ஊருக்குப் போனான். தொழுத இடத்திலேயே உயிர் போய்விட்டது என்று ஊரில் சொன்னானாம். பாக்கியவான், எப்பேர்ப்பட்ட மரணம் என்று ஊரே மெச்சியதாம். அப்பாவிடம் பொய் சொன்னதில்லை என்றவன், அப்பாவைப் பற்றி முதல் பொய்யைச் சொல்லிவிட்டு வந்தான்.

நாற்பதாம் நாள் காரியம் முடிந்து திரும்பியவனை முதலாளி வேலையை விட்டு எடுக்கவில்லை. புக்கிங் இல்லாமல் ஆள் ஏற்றியதற்குத் திட்டினார், அவ்வளவுதான். மேடைக்கு மட்டும் வேறு ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். வாஹித் அறையை மாற்றிக்கொண்டான். இருவரும் சண்டை போடவில்லை, பேசிக்கொள்ளவும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் முனீர் வந்து என் எதிரில் உட்கார்ந்தான். டீ வந்தது. அவன் தொடவில்லை.

"லாலா, அந்த மேட்டுலேருந்து மேடையில இருக்கறவன் மூஞ்சி தெரியுமா?"

"ராத்திரியில எங்க தெரியும்?"

"வெளிச்சம் இருந்துதே. பகல்ல உக்காந்து பாத்தேன், மேடைல யாரும் இல்ல. ராத்திரி போய்ப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. யாரோ ஒரு கோமாளி ஆடுறான்னு நெனச்சிருக்கலாமில்ல? நான்னு தெரியாமலே இருந்திருக்கலாமில்ல?"

"இருக்கலாம்டா."

"இருக்கலாம் வேணாம். எனக்குத் தெரியணும்."

அவன் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அந்த வாரமே முகாமுக்குப் போகிற வண்டியில் ஏறிக்கொண்டேன். விருந்தாளிகள் இறங்கி உள்ளே போனதும், பின்பக்கமாகப் போய் அந்த மேட்டில் ஏறினேன். என் முதுகுக்கு அது எவ்வளவு பெரிய மேடு என்று எனக்குத்தான் தெரியும். பாதி வழியில் நான்கு காலில் ஏறினேன். உச்சியில் அவர் உட்கார்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

கொட்டு ஆரம்பித்தது. விளக்கெல்லாம் மேடையை நோக்கித் திருப்பியிருந்தார்கள். புது ஆள் அதே துணியைக் கட்டிக்கொண்டு ஏறினான். இடுப்பில் காசு மின்னுவது தெரிந்தது. அவன் சிரித்தபோது முன்பல் ஒன்று உடைந்திருப்பது தெரிந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது. ஆட்டத்துக்கு நடுவில் அவன் முகம் ஒரு நொடி சிரிப்பை நிறுத்தி ஓய்வெடுத்துக்கொண்டதுகூடத் தெரிந்தது. எனக்கு மூக்குக் கண்ணாடி தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று. அந்தத் தூரக் கண்ணாடியிலேயே இவ்வளவும் தெரிந்தது.

மறுநாள் முனீரைக் கூப்பிட்டேன்.

"நேத்து நானே போய் உக்காந்து பாத்துட்டு வந்தேன்," என்றேன். "ஒண்ணும் தெரியலடா. யாரோ ஒருத்தன் குதிக்கிறான், அவ்வளவுதான். ஆம்பளையா பொம்பளையான்னுகூடச் சொல்ல முடியல. அவர் களைச்சுப் போய் உக்காந்திருக்கார், மூச்சு வாங்கிட்டுப் போகலாம்னு. வேற ஒண்ணுமில்ல. மனசப் போட்டு அடிச்சுக்காத."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். போன் அடித்தது, எடுக்கவில்லை.

"அவ்வளவு பெரிய மேட்டுல இந்த முதுகோட ஏறினீங்களா லாலா?" என்றான்.

"ஏறினேன்."

அவன் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசல்வரை போனவன் அங்கேயே நின்று, எதிர்ப்பக்கத்துக் கடைப் பலகைகளைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது லாலா," என்றான். "நீங்க கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர் இல்லியே."